பெயர் தெரியாத நோயாளி!

காலையில் வேலைக்குப் போனவர் இரவு 10 மணி ஆகியும் வீடு திரும்பவில்லை.

போன் செய்தால் மணி அடிக்கிறது. யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த மணியும் நின்று விடுகிறது. "சுவிட்ச் ஆப்" என்று ஒரு பெண் குரல் சொல்கிறது.

மனைவி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறாள். மகன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றி வருகிறான். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து, "எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒரு தடவை போய்ப் பாருங்களேன்" என்று மெல்லச் சொல்கிறார்.

போகிறார்கள். பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்க்கிறார். "அப்படி யாரும் இங்கே இல்லையே!" என்கிறார்.

வந்த வழியே திரும்பி விடுகிறார்கள்.

ஆனால் அவர் அங்கேதான் இருக்கிறார்! மாடியில் ஒரு கட்டிலில், தலையில் கட்டுடன், நினைவு இல்லாமல் படுத்திருக்கிறார். அவருடைய பெயர்தான் அங்கே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்படி நடப்பது உண்டு. வீட்டில் ஒருவரைக் காணோம் என்றால் ஆஸ்பத்திரியில் எப்படித் தேடுவது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பதறிக் கொண்டிருக்கும் நேரத்தில் கற்றுக்கொள்ள முடியாது அல்லவா?

"சுமார் 50 வயது"

நினைவு இழந்த ஒருவரை ஆம்புலன்சில் கொண்டு வந்து இறக்குகிறார்கள். பெயர் சொல்ல ஆள் இல்லை. டாக்டர் பெயருக்காகக் காத்திருக்க மாட்டார். "பெயர் தெரியாத ஆண், சுமார் 50 வயது" என்று எழுதி விட்டு, சிகிச்சையைத் தொடங்கி விடுவார். ஆஸ்பத்திரிக்காரர்கள் பேச்சில் இப்படிப்பட்ட நோயாளிக்கு "அன்னோன்" என்று பெயர்.

அதுதான் முறை. உயிருக்குப் போராடும் ஒருவருக்கு முதலில் சிகிச்சை செய்ய வேண்டும், போலீஸ் வேலையெல்லாம் பிறகுதான் என்று 1989-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியிருக்கிறது. உயிரைக் காக்க உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றால், சொந்தக்காரர் வந்து கையெழுத்துப் போடும் வரை டாக்டர்கள் காத்திருக்க வேண்டியது இல்லை.

சரி, கொண்டு வந்து சேர்த்தவரைக் கேட்கலாமே என்பீர்கள். அவர் யாரோ ஒரு வழிப்போக்கர். 2019-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். விபத்தில் சிக்கியவருக்கு உதவி செய்கிறவர் தன் பெயரையும் விலாசத்தையும் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது.

நல்ல சட்டம். போலீசு, கோர்ட்டு என்று அலைய வேண்டி வருமே என்று பயந்து, அடிபட்டுக் கிடப்பவரை வேடிக்கை பார்த்து விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! இப்போது அந்தப் பயம் வேண்டாம். ஆனால் தேடி வரும் குடும்பத்துக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சேர்த்தவருடைய பெயரும் சில சமயம் ஏட்டில் இருக்காது.

ஆகவே பெயரைச் சொல்லிக் கேட்டதோடு நிறுத்தி விடாதீர்கள். நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். அடையாளத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

ஏ.ஆர். புத்தகம்

விபத்து, அடிதடி, தீக்காயம், விஷம் என்று வருகிறவர்களைப் பற்றி எழுதி வைக்க ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு பதிவேடு உண்டு. "ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர்" என்பார்கள். சுருக்கமாக "ஏ.ஆர்." கோர்ட்டுப் படி ஏறியவர்களுக்கு "ஏ.ஆர். காப்பி" என்ற சொல் நன்றாகத் தெரியும்.

நோயாளி வந்த நேரம், யார் கொண்டு வந்தது, எங்கே அடிபட்டது, என்னென்ன காயம் என்பதெல்லாம் அதில் இருக்கும். உடம்பில் உள்ள மச்சம், பழைய தழும்பு ஆகிய அடையாளங்களையும் டாக்டர் குறித்து வைப்பார். பெயர் இல்லாத நோயாளிக்கு அந்த மச்சம்தான் பெயர்!

அந்தப் பதிவேட்டை வருகிறவர் எல்லோரிடமும் எடுத்துக் காட்ட மாட்டார்கள். ஆனால் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் உள்ளேயே ஒரு போலீஸ் அறை இருக்கும். புறக்காவல் நிலையம் என்று பலகை மாட்டியிருக்கும். விபத்துக் கேசுகளின் விவரம் அங்கே போய்விடும். விபத்து நடந்த பகுதியின் போலீஸ் நிலையத்துக்கு அவர்கள்தான் தகவல் கொடுப்பார்கள்.

எனவே விசாரணை ஜன்னலில் "இல்லை" என்று சொன்னால் அங்கிருந்து நேரே போலீஸ் அறைக்குப் போங்கள். "எங்க அப்பாவைப் பார்த்தீங்களா?" என்று மொட்டையாகக் கேட்காமல், இப்படிக் கேளுங்கள்:

"ஐயா, எங்க அப்பாவுக்கு 52 வயசு. மாநிறம், ஒல்லியா இருப்பார். இடது புருவத்துல தழும்பு உண்டு. நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். சாயங்காலம் 6 மணிக்குத் தாம்பரத்துல வேலை முடிஞ்சு கிளம்பினார். 6 மணிக்கு மேல பெயர் தெரியாம யாராவது வந்திருக்காங்களா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். போலீஸ்காரர் எத்தனை பேரைப் பார்த்தவராக இருந்தாலும், 6 மணிக்கு மேல் என்றால் ஒன்றிரண்டு பக்கத்தைப் புரட்டினால் போதும்.

கையில் ஒரு போட்டோ இருக்கட்டும். கல்யாணத்தில் மாலையுடன் எடுத்த போட்டோ வேண்டாம். அண்மையில் எடுத்தது, முகம் நேராகத் தெரிவதாக இருக்க வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரி?

இதுதான் பெரிய கேள்வி. ஒரு ஊரில் ஒரு ஆஸ்பத்திரி என்றால் சுலபம். சென்னையில் "ஜி.எச்." என்று எல்லோரும் சொல்லும் அரசு பொது மருத்துவமனை ஒன்று. அது தவிர ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை என்று பல. தனியார் ஆஸ்பத்திரிகளுக்குக் கணக்கே இல்லை.

ஜி.எச். நம் பாட்டன் முப்பாட்டன் காலத்துக்கும் முற்பட்டது. 1664-ம் ஆண்டு ஜார்ஜ் கோட்டைக்குள் சிறிய அளவில் தொடங்கியது. சென்ட்ரல் ரெயில் நிலையத்துக்கு எதிரே இப்போது இருக்கும் இடத்துக்கு 1772-ல் வந்தது. 2011-ல் ராஜீவ்காந்தி பெயரைச் சூட்டினார்கள். அதற்குள் ஒரு ஆளைத் தேடுவது, ஒரு சிறிய ஊரில் வீடு வீடாகத் தேடுவது போலத்தான். நுழைந்ததும் வார்டு வார்டாகச் சுற்றாமல் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்து தொடங்க வேண்டும் என்பது இதனால்தான்.

எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாதபோது கை கொடுக்கக் கூடியது 108. இந்த இலவச ஆம்புலன்சு தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி ஓடத் தொடங்கியது. எத்தனை மணிக்கு எங்கிருந்து அழைப்பு வந்தது, யாரை ஏற்றினார்கள், எந்த ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள் என்பதெல்லாம் அவர்களிடம் பதிவாகிறது. அவர் வழக்கமாக வரும் பாதையையும் நேரத்தையும் சொல்லி விசாரியுங்கள். வளவளவென்று பேச வேண்டாம். அந்த நேரத்தில் இன்னொருவர் உயிருக்காக அழைத்துக் கொண்டிருப்பார்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியிலேயே நோயாளி இருப்பார் என்று சொல்ல முடியாது. மதுராந்தகம் பக்கம் நெடுஞ்சாலையில் அடிபட்டவரை முதலில் மதுராந்தகம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். தலையில் பலமான அடி என்றால் அங்கிருந்து செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து சென்னைக்கும் அனுப்பலாம். "இல்லை" என்று சொன்னவுடன் திரும்பி விடாமல், "இங்கே வந்து வேறு எங்காவது அனுப்பினீர்களா?" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் இரவு முழுவதும் அலைந்தவர்கள் உண்டு.

"எங்களிடம் பணம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், எங்க ஆளைத் தனியார் ஆஸ்பத்திரியில் யார் சேர்ப்பார்கள்?" என்று நினைத்து விடாதீர்கள். 2021-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி தமிழக அரசு "நம்மைக் காக்கும் 48" என்ற திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கிறது. தொடங்கியபோது ஒரு ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளும் உண்டு. ஆகவே விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் எட்டிப் பாருங்கள்.

ரெயில் பாதையில் அடிபட்டிருந்தால் விஷயம் வேறு. அது ரெயில்வே போலீசின் எல்லை. உங்கள் ஊர்ப் போலீஸ் நிலையத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். தினமும் மின்சார ரெயிலில் போய் வருகிறவர் என்றால் அங்கேயும் கேட்க வேண்டும்.

"ஆள் காணாமல் போய் 24 மணி நேரம் ஆனால்தான் போலீசில் புகார் வாங்குவார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள். சினிமாவைப் பார்த்து வந்த நினைப்பு. சட்டத்தில் அப்படி இல்லை. உடனே எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

பார்த்தும் தெரியாத முகம்

வார்டுக்குள்ளேயே போய் விட்டீர்கள். ஒவ்வொரு கட்டிலாகப் பார்க்கிறீர்கள். பெற்ற தாய்க்குக் கூடப் பிள்ளையைத் தெரியாமல் போகும் என்றால் நம்புவீர்களா?

தலையில் அடிபட்டால் முகம் வீங்கி விடும். கண் இமைகள் பலூன் போல உப்பி மூடிக்கொள்ளும். கன்னம் கறுத்து விடும். ஆபரேஷனுக்காகத் தலையை மழித்திருப்பார்கள். மீசையை எடுத்திருக்கலாம். மூக்கில் குழாய், வாயில் குழாய், தலையைச் சுற்றிக் கட்டு. போட்டிருந்த சட்டையை வெட்டி எடுத்து விட்டு ஆஸ்பத்திரித் துணியைப் போர்த்தியிருப்பார்கள். காலையில் தலை வாரிப் பவுடர் போட்டுக்கொண்டு போன முகத்தைத் தேடி வருகிறவர் இந்தக் கட்டிலைத் தாண்டிப் போய் விடுவதில் ஆச்சரியம் இல்லை.

முகத்தைப் பார்க்காதீர்கள். கையைப் பாருங்கள், காலைப் பாருங்கள். விரல்கள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. நகம் பெயர்ந்த கட்டை விரல், தறியிலோ பட்டறையிலோ காய்த்துப் போன உள்ளங்கை, பச்சை குத்திய முன்கை, இடுப்பில் கறுப்புக் கயிறு, தடுப்பூசித் தழும்பு. இவற்றை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். மனைவிக்குத் தெரியாத அடையாளம் உண்டா?

மோதிரம், பர்ஸ், செருப்பு இவற்றை நர்சோ போலீஸ்காரரோ எடுத்து வைத்திருக்கலாம். அதையும் கேட்டுப் பாருங்கள்.

பிணவறைக்கும் போக வேண்டி வரலாம். எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே யாரும் தனியாகப் போகக் கூடாது. நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும். அங்கேயும் முகத்தை மட்டும் பார்த்து "இவர்தான்" என்றோ "இவர் இல்லை" என்றோ சொல்லி விடக் கூடாது.

நடுங்கிய கை

பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காகத் தேடுவதை விட்டு விடாத ஒரு தந்தையைப் பற்றி 2023-ம் ஆண்டு பத்திரிகைகளில் செய்தி வந்தது. சென்னைக்கு வந்து கொண்டிருந்த ரெயிலில் நடந்தது அது.

ஜூன் 2-ந் தேதி, வெள்ளிக்கிழமை. மேற்கு வங்காளத்தில் ஷாலிமாரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட கோரமண்டல் எக்ஸ்பிரஸ், இரவு 7 மணி அளவில் ஒடிசா மாநிலம் பாலசோர் மாவட்டத்தில் பகனாகா பஜார் நிலையத்தை நெருங்கியது. நேரே போக வேண்டிய வண்டி, தவறான சிக்னலால் பக்கத்துப் பாதைக்குள் புகுந்து, அங்கே நின்ற சரக்கு ரெயிலில் மோதியது. தடம் புரண்ட பெட்டிகளில் சில, பக்கத்துப் பாதையில் போய்க் கொண்டிருந்த பெங்களூர்-ஹவுரா எக்ஸ்பிரசின் கடைசிப் பெட்டிகள் மேல் மோதின. 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காயம் அடைந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

முன்பதிவு செய்தவர்களுக்குப் பட்டியல் உண்டு. முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏறியவர்களுக்குப் பட்டியலே கிடையாது. யார் ஏறினார்கள் என்று அவரவர் வீட்டுக்குத்தான் தெரியும்!

வங்காளத்தைச் சேர்ந்த அந்தத் தந்தையின் மகன் கோரமண்டலில் போயிருந்தான். செய்தி கேட்டதும் தந்தை போன் செய்தார். மகன் எடுத்தான். ஈன சுரத்தில் ஏதோ சொன்னான். உயிரோடு இருக்கிறான்!

உடனே ஒரு ஆம்புலன்சை அமர்த்திக்கொண்டு இரவோடு இரவாகக் கிளம்பினார். சுமார் 230 கிலோ மீட்டர் பயணம். போய்ச் சேர்ந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். எங்கும் மகன் இல்லை.

"பள்ளிக்கூடத்தில் பார்த்தீர்களா?" என்றார் ஒருவர். பகனாகாவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில்தான் பிணங்களைக் கிடத்தியிருந்தார்கள். தந்தையின் மனம் ஒப்பவில்லை. போனில் பேசியவன் எப்படி அங்கே இருப்பான்? ஆனாலும் போனார்.

அங்கே திடீரென்று ஒரு சலசலப்பு. பிணங்களுக்கு நடுவே ஒரு வலது கை நடுங்குகிறது! ஓடிப் போய்ப் பார்த்தார். அவருடைய மகன்!

அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிறகு கொல்கத்தாவுக்குக் கொண்டு போய் ஆபரேஷன் நடந்தது.

எல்லாக் குடும்பத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. இறந்தவர்களின் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் காட்டினார்கள். அதைப் பார்த்து, ஒரே உடலை இரண்டு குடும்பங்கள் "எங்களுடையது" என்று கேட்டதும் நடந்தது. புவனேசுவரம் எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் உடல்களை வைத்து, உறவினர்களின் ரத்தத்தை எடுத்து மரபணுச் சோதனை செய்து கொடுத்தார்கள். நாலு மாதம் கழித்து, யாரும் கேட்டு வராத 28 உடல்களுக்கு 2023 அக்டோபரில் அங்கேயே இறுதிச் சடங்கு செய்தார்கள். அந்த 28 பேருக்கும் எங்கோ ஒரு வீடு இருந்திருக்கும்.

வழி மறந்தவர்கள்

அடிபட்டவர்கள் மட்டும் காணாமல் போவதில்லை. ஞாபக மறதி வந்த முதியவர்கள், மனநிலை சரி இல்லாதவர்கள் வீட்டை விட்டுப் போய் விடுகிறார்கள். இவர்களுக்கு வாய் இருக்கிறது. விலாசம் சொல்லத் தெரியாது.

இவர்களை அவசர சிகிச்சைப் பிரிவில் மட்டும் தேடினால் போதாது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1794-ம் ஆண்டு தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. மாவட்டங்களில் அரசு ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. காப்பகங்கள் இருக்கின்றன. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி, தெருவில் திரியும் மனநோயாளியைக் கண்டால் போலீசார் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிவு செய்து, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தகவல் சொல்ல வேண்டும். நீங்களும் புகார் கொடுத்திருந்தால்தான் அந்த நூலும் இந்த நூலும் ஒரு இடத்தில் சேரும்.

ஒரு துண்டுச் சீட்டு

முன்பெல்லாம் வெளியூர் போகிறவர் சட்டைப் பையில் ஒரு விலாசச் சீட்டு இருக்கும். டைரி இருக்கும். இப்போது எல்லாம் போனுக்குள் போய் விட்டது. அந்தப் போனையும் பூட்டு போட்டு வைத்திருக்கிறோம். திருடனுக்குப் பயந்து போட்ட பூட்டு, காப்பாற்ற வந்தவரையும் தடுக்கிறது!

2005-ம் ஆண்டு இங்கிலாந்தில் பாப் பிராட்சி என்ற ஆம்புலன்சு ஊழியர் ஒரு யோசனை சொன்னார். அவசரத்தில் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருடைய எண்ணைப் போனில் "ஐ.சி.இ." என்று பதிந்து வையுங்கள் என்றார். இப்போதைய போன்களில், பூட்டைத் திறக்காமலே அவசர எண்ணைப் பார்க்கும்படி வைக்க வசதி இருக்கிறது. வீட்டில் உள்ள பிள்ளைகளைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் செய்து கொடுப்பார்கள்.

அது கூட வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டில் வீட்டு எண் இரண்டை எழுதி, போன் உறைக்குள் வைத்து விடுங்கள். சார்ஜ் தீர்ந்தாலும் சீட்டு பேசும். தாத்தா பாட்டி சட்டைப் பையிலும் சுருக்குப் பையிலும் ஒன்று இருக்கட்டும்.

கண்டுபிடித்த பிறகு

கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழத்தான் தோன்றும். அதற்கு முன் நர்சைக் கூப்பிட்டுச் சில விஷயங்களைச் சொல்லுங்கள். அவருக்குச் சர்க்கரை உண்டா? ரத்த அழுத்தம் உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், தலையில் அடிபட்ட நேரத்தில் டாக்டருக்கு அது மிகவும் முக்கியம். எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது? பெயர் தெரியாத நோயாளியிடம் டாக்டரால் கேட்க முடியாமல் போன கேள்விகள் இவை.

பிறகு பெயரை மாற்ற வேண்டும். கேஸ் ஷீட்டிலும் ஏ.ஆர். பதிவேட்டிலும் "பெயர் தெரியாத ஆண்" என்று இருப்பதைத் திருத்தச் சொல்லுங்கள். ஆதார் அட்டையைக் காட்ட வேண்டி இருக்கும். போலீஸ் அறையிலும் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் வீட்டுக்கு அழைத்துப் போய் விட்டால், நாளைக்கு நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போகும்போது, "அந்தப் பெயர் தெரியாத ஆள் நீதான் என்பதற்கு என்ன சாட்சி?" என்று கேட்பார்கள்.

போலீசில் கொடுத்த புகாரை முடித்து வைக்க வேண்டும். அது காலையில் போதும். முதலில் வீட்டில் வாசலைப் பார்த்துக் கொண்டிருப்பவருக்குப் போன் செய்யுங்கள். அடுத்து, வேறொரு ஆஸ்பத்திரி வாசலில் போட்டோவை வைத்துக்கொண்டு நிற்கும் மைத்துனருக்குச் சொல்லி, வரும்போது ஒரு பிளாஸ்க்கும் மாற்று வேட்டியும் வாங்கி வரச் சொல்லுங்கள்.